மண்டப முன்பதிவுத் தளத்துக்கு எந்தச் சர்வர், எந்தத் தரவுத்தளம்?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியில் உள்ள திருமண மண்டபங்கள் 60 வரை ஒன்றுசேர்ந்து, முன்பதிவுக்கு ஒரு பொதுவான இணையதளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நானும் என் சித்தப்பா மகனும் மட்டுமே இந்த வேலையைச் செய்யப்போகிறோம். எனக்குப் பைத்தான் நன்றாகத் தெரியும். அவனுக்குப் பிஎச்பி பழக்கம். கிளவுடில் வைத்து நடத்த மாதம் 6,000 ரூபாய் வரை செலவிடலாம். ஆலோசனை கேட்கப் போன இடத்தில் ஒருவர் மாங்கோடிபி தரவுத்தளம், சர்வர் நிரலுக்கு நோட், தளத்தைச் சிறு சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ், பல சர்வர்களை ஆளும் குபர்நெட்டீஸ் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, "பின்னால் கூட்டம் கூடும்போது தாங்க வேண்டுமென்றால் இப்போதே இப்படித்தான் கட்ட வேண்டும்" என்கிறார். முகூர்த்த சீசனில் சர்வர் விழுந்துவிடுமோ என்று எங்களுக்கும் பயமாக இருக்கிறது. எதை எடுப்பது, எங்கே வைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

கூட்டம் வந்தால் சர்வர் தாங்குமா என்பதுதான் உங்கள் கடிதத்தில் உள்ள கவலை. ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை. நான் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தளம் ஒரு மணி நேரம் படுத்துவிட்டால், "கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்கள்" என்று மண்டப மேலாளர் சமாளித்துவிடுவார். பத்திரிகை அடித்து, உறவினர் வீடுகளுக்கெல்லாம் நேரில் போய் வைத்துவிட்டு வந்த பெண் வீட்டாரிடம், "அந்தத் தேதியில் மண்டபம் உங்களுக்கு இல்லை" என்று சொல்ல நேர்ந்தால் அதை யாராலும் சமாளிக்க முடியாது. எந்தத் தவறு ஒருமுறைகூட நடக்கக் கூடாதோ, அதைத் தடுக்கத் தெரிந்த தரவுத்தளத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரும் மொழியும், நிரலுக்கு ஆயத்த அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க்கும் அதற்குப் பிறகு வரட்டும்.

மண்டப அலுவலகங்களில் இன்றும் இருக்கும் நீளமான பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு நடக்கும்போது தேதிக்கு நேராகப் பென்சிலில் ஒரு பெயர் ஏறும். முன்பணம் வந்ததும் அதே பெயர் பேனாவில் அழுத்தமாக எழுதப்படும். வரவில்லையென்றால் ரப்பரால் அழிக்கப்படும். அந்தப் பதிவேடு ஒன்றே ஒன்றுதான், அது ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும் என்பதே அதன் பாதுகாப்பு. இணையதளம் வந்தவுடன் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்கர், சென்னையிலிருந்து கைபேசியில் பார்க்கும் மாப்பிள்ளையின் அண்ணன், வேறொரு ஊரிலிருந்து நுழையும் திருமண ஏற்பாட்டாளர் ஆகிய மூன்று பேரும் ஒரே நொடியில் ஒரே பக்கத்தில் எழுத முயலலாம். பதிவேடு செய்துவந்த காவலை இனி தரவுத்தளம்தான் செய்ய வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்கேன் மையத்துக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் எழுதினேன். "அந்த நேரம் காலியாக இருக்கிறதா" என்று தரவுத்தளத்திடம் கேட்பது, "இருக்கிறது" என்று பதில் வந்தால் பெயரை எழுதுவது என்று இரண்டு படிகளாக அமைத்திருந்தேன். சோதனையில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. பயன்பாட்டுக்கு வந்து சில மாதங்கள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு இரண்டு பேர் ஒரே நேரச் சீட்டோடு வந்து நின்றார்கள். இருவரும் முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. அவர்களில் ஒரு பெரியவர் விடிவதற்கு முன் பேருந்து ஏறி வந்தவர். பதிவைத் திறந்து பார்த்தபோது, முதல் ஆள் கேட்டதற்கும் எழுதியதற்கும் இடையே இருந்த ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாம் ஆளும் கேட்டிருந்தார், அவருக்கும் "காலி" என்றே பதில் போயிருந்தது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. நிரலில் எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாலும், கேட்பதும் எழுதுவதும் தனித்தனியாக இருக்கும்வரை இந்தச் சந்து மூடப்படாது.

இந்த இடைவெளியை மூடும் ஏற்பாடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளேயே இருக்கிறது, அதனால் என் பரிந்துரை அதுதான். 2010-ல் வந்த 9.0 பதிப்பில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற விதி சேர்ந்தது. 2012-ல் வந்த 9.2 பதிப்பில் ஒரு கால இடைவெளியை, அதாவது தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து, ஒரே மதிப்பாகச் சேமிக்கும் ரேஞ்ச் வகை வந்தது. இரண்டையும் சேர்த்து, "ஒரே மண்டபத்துக்கு உரிய இரண்டு பதிவுகளின் காலம் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது" என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். அதன் பிறகு பதிவு இணையதளம் வழியாக வந்தாலும், மேலாளர் திரை வழியாக வந்தாலும், நீங்களே நள்ளிரவில் நேரடியாகக் கட்டளை எழுதினாலும், இரண்டாவது பதிவைத் தரவுத்தளம் ஏற்காது. உங்கள் நிரலில் பிழை இருந்தாலும் ஏற்காது. மண்டப எண்ணையும் காலத்தையும் ஒரே விதியில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் என்ற துணை நீட்சியை இயக்க வேண்டியிருக்கும்; பெரும்பாலான கிளவுட் நிறுவனங்களின் போஸ்ட்கிரெஸ் சேவைகளில் அதற்கு அனுமதி உண்டு.

மண்டபத் தொழிலுக்கு இது மிகவும் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு விடுவது காலண்டர் நாளை அன்று. பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலில் சாவி கைமாறும். மாலையில் நிச்சயதார்த்தமோ வரவேற்போ நடக்கும். மறுநாள் காலையில் முகூர்த்தம் முடிந்து, பந்தி ஓய்ந்து, பிற்பகல் 3 மணிக்குக் காலி செய்வார்கள். அதே 3 மணிக்கு அடுத்த வீட்டார் உள்ளே வரலாம். தேதியை மட்டும் வைத்துப் பதிவு செய்தால் ஒரு திருமணம் இரண்டு நாட்களை அடைத்துக்கொள்ளும், மண்டபத்துக்கு வருமானம் போகும். ரேஞ்ச் வகையில் தொடக்க நேரத்தைச் சேர்த்தும் முடிவு நேரத்தைச் சேர்க்காமலும் எழுதலாம். அப்படி எழுதினால் 3 மணிக்கு முடிவதும் 3 மணிக்குத் தொடங்குவதும் மோதாது. துப்புரவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஒரு மண்டபம் கேட்டால், முடிவை 4 மணி என்று பதிந்தால் போதும்.

பென்சில் பதிவையும் மறந்துவிடாதீர்கள். முன்பணம் வரும்வரை 48 மணி நேரம் தேதியைப் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தால், அந்தப் பிடிப்பும் விதிக்குள் வர வேண்டும். ரத்தான பதிவுகள் வரக் கூடாது. விதியோடு ஒரு நிபந்தனை சேர்த்து, ரத்து என்று குறித்தவற்றை விலக்கிவிடலாம். ஆனால், "48 மணி நேரம் கடந்துவிட்டதா" என்ற கேள்வியை அந்த நிபந்தனைக்குள் எழுத முடியாது. அந்த விதி ஓர் இண்டெக்ஸாக, அதாவது விரைவாகத் தேட உதவும் குறிப்பாக, சேமிக்கப்படுகிறது. நேரம் நகர்வதை வைத்து இண்டெக்ஸ் தன்னை மாற்றிக்கொள்ளாது என்பதால், மாறிக்கொண்டிருக்கும் நேரத்தைக் கேட்கும் நிபந்தனையைப் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். ஆகவே புதிய பதிவு வரும் ஒவ்வொரு முறையும், அதே பரிவர்த்தனையின் (முழுவதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத ஒரு வேலைத் தொகுப்பின்) முதல் படியாக, அந்த மண்டபத்தின் காலாவதியான பிடிப்புகளை ரத்து என்று மாற்றிவிட்டு, அதன் பிறகு புதியதை எழுதுங்கள். முதல்முறை செய்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, எங்களால் முடியாதா என்று கேட்பார்கள். முடியும். படிதலைத் தடுக்கும் விதி அதில் இல்லை என்றாலும், நாளை முற்பகல், பிற்பகல் என்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதி, மண்டபம், தேதி, துண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று தனித்துவ விதி போட்டால் அதே பாதுகாப்பு கிடைக்கும். மாங்கோடிபியிலும் இதே உத்தியைச் செய்யலாம். பல ஆவணங்களை (அதன் பதிவுகளை) ஒரே பரிவர்த்தனையில் மாற்றும் வசதியும் 2018-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதில் உண்டு. ஆனால் உங்களுடைய விவரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை: மண்டபம், பதிவு, குடும்பம், முன்பணம், மீதி, ரசீது. இத்தகைய விவரங்களுக்கு அட்டவணைகளே இயல்பான இடம். ஒவ்வொரு மண்டபத்துக்கும் வசதிகள் வேறு வேறாக இருக்குமே, ஒன்றில் குளிர்சாதன அறைகள், இன்னொன்றில் 300 பேர் உட்காரும் பந்திக்கூடம், வேறொன்றில் கார் நிறுத்த இடம் என்று, அதற்கு மாங்கோடிபிதானே ஏற்றது என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். போஸ்ட்கிரெஸில் 2014 முதல் இருக்கும் ஜேசான்பி வகை நெடுவரிசை ஒன்றில் அந்த வசதிப் பட்டியலை அப்படியே வைத்து, அதன்மேல் தேடவும் செய்யலாம். அந்த ஒரு காரணத்துக்காக வேறு தரவுத்தளம் போக வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கூட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மண்டபங்கள், மண்டபத்துக்கு ஆண்டுக்கு 100 நிகழ்ச்சிகள் என்று தாராளமாக வைத்தாலும் 6,000 பதிவுகள். பத்தாண்டுகளுக்கு 60,000 வரிகள். ஒரு தரவுத்தளத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. அடுத்த ஆண்டின் பஞ்சாங்கம் வந்து எல்லோரும் முகூர்த்த நாட்களைத் தேடும் ஒரு நாளில் 20,000 பக்கப் பார்வைகள் வருகின்றன, அதில் பாதி இரண்டே மணி நேரத்தில் குவிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,200 விநாடிகளில் 10,000 பார்வைகள். விநாடிக்கு ஒன்றரைகூட ஆகவில்லை. அதைப்போல் பல மடங்கு வந்தாலும் இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சாதாரணச் சர்வர் தாங்கும். உங்கள் கேள்விகளுக்கு ஏற்ற இண்டெக்ஸ் இருந்தால் போதும். குபர்நெட்டீஸ் கூகுளில் பிறந்தது, நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரு குழு ஆள்வதற்காக. இரண்டு பேர் நடத்தும் தளத்தில் அதை வைத்தால், மண்டபக்காரர் கேட்கும் வேலையைவிட அதைப் பராமரிக்கும் வேலையே உங்கள் நேரத்தைத் தின்னும். மைக்ரோசர்வீஸும் அப்படித்தான்: பதிவு ஒரு சேவையில், பணம் இன்னொரு சேவையில் என்று பிரித்துவிட்டால், இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் முடிக்கும் வசதியை, அதாவது உங்களுக்கு மிகவும் தேவையான ஒன்றை, நீங்களே கைவிட்டதாகிவிடும். உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது உங்கள் தளத்தின் அளவைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை அன்று.

மொழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முகூர்த்த நாளன்று விடியற்காலை 4 மணிக்கு மேலாளர் கூப்பிட்டால் எழுந்து சரிசெய்யப்போவது யார் என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்; அவருக்குத் தூக்கக் கலக்கத்திலும் கைவரும் மொழி எதுவோ அதுவே சரியான மொழி. அது நீங்கள் என்றால் பைத்தானுக்கான ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி என்றால் பிஎச்பிக்கான லாரவெல் போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஜாங்கோ பக்கம் சாய்வு உண்டு. நான் மேலே சொன்ன எக்ஸ்க்ளூஷன் விதியை 3.0 பதிப்பிலிருந்து அதன் மாடலுக்குள்ளேயே (அட்டவணையை விவரிக்கும் பைத்தான் பகுதியில்) எழுதலாம்; மண்டப மேலாளர்களுக்கு முதல் நாளே கொடுக்கக்கூடிய நிர்வாகத் திரை அதனுடனேயே வருகிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோ, காலாவதியான பிடிப்புகளைத் துடைக்கவும் நினைவூட்டல் அனுப்பவும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை. தரவை நினைவகத்தில் வைத்து வேகம் கூட்டும் ரெடிஸ் போன்றவை இப்போது வேண்டாம். அதற்கான தேவை வந்தால் உங்களுக்கே தெரியும்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். கும்பகோணத்திலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். இந்தியாவுக்குள் வைத்துக்கொள்ள இடங்களுக்குப் பஞ்சமில்லை: அமேசானுக்கு மும்பையும் ஐதராபாத்தும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும், மைக்ரோசாஃப்டுக்குப் புனேயும் சென்னையும், டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரு, லினோடுக்கு மும்பையும் சென்னையும் இருக்கின்றன. இவற்றில் எந்த ஊர் என்பது பெரிய வேறுபாடு இல்லை. சர்வரும் தரவுத்தளமும் ஒரே ஊரில், ஒரே உள்வலையில் இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கத்தைக் காட்ட நிரல் தரவுத்தளத்திடம் 20 முறை கேட்கிறது என்றால், சர்வர் இங்கும் தரவுத்தளம் அமெரிக்காவிலும் இருக்கும்போது அந்தக் கேள்விகளுக்கு மட்டும் 4 விநாடி போய்விடும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தரவுத்தளத்தை மட்டும் எங்கோ வைத்துவிட்டு, தளம் மெதுவாக இருக்கிறது என்று நிரலைக் குறைசொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் 6,000 ரூபாய்க்கு, மாதக் கட்டணம் முன்கூட்டியே தெரியும் நிறுவனங்களே ஏற்றவை என்பது என் கருத்து. பெரிய நிறுவனங்களின் ரசீதில் வெளியே போகும் டேட்டாவுக்கு ஒரு வரி, சேமிப்புக்கு ஒரு வரி, பொது ஐபி முகவரிக்கு ஒரு வரி என்று சிறுசிறு தொகைகள் சேரும்; அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் பணம் வாங்குகிறது. எதை எடுத்தாலும் செலவு எச்சரிக்கையை முதல் நாளே அமைத்துவிடுங்கள், வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மண்டபப் படங்களைத் தரவுத்தளத்துக்குள் திணிக்காமல் கோப்புகளுக்கான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சேமிப்பில் வைத்து, முகவரியை மட்டும் பதியுங்கள். இல்லாவிட்டால் சில எம்பியில் முடிய வேண்டிய பேக்கப் பல ஜிபி ஆகிவிடும்.

பணம் மிச்சமாகும் என்று தரவுத்தளத்தை நீங்களே சர்வரில் நிறுவ நினைக்க வேண்டாம். நிறுவனமே பராமரிக்கும் தரவுத்தளச் சேவையை, மிகச் சிறிய அளவிலாவது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தொடர்ந்து சேமித்து, "நேற்று மாலை 5.40 மணிக்கு எப்படி இருந்ததோ அப்படியே கொடு" என்று கேட்டால் கொடுக்கும் வசதி நல்ல சேவைகளில் இருக்கும், வாங்கும் முன் அது இருக்கிறதா, எத்தனை நாள் பின்னோக்கிப் போகலாம் என்று கேளுங்கள். தரவுத்தளத்தின் நுழைவாயிலான போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2017 ஜனவரியில், கடவுச்சொல்கூட இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்களைப் பல்லாயிரக்கணக்கில் துடைத்துவிட்டுப் பணம் கேட்டுச் சீட்டு வைத்துப் போனார்கள். அது மாங்கோடிபியின் குறை மட்டும் அன்று. திறந்து வைத்தவர்களின் கவனக்குறைவும் சேர்ந்தது.

பேக்கப்பைப் பற்றிப் பேசும்போது 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. அவர்களும் போஸ்ட்கிரெஸ்தான் வைத்திருந்தார்கள். இரவு நேரத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடியபோது, தினசரிப் பேக்கப் பல நாட்களாகவே எடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6, கருவி ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேரத்து நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு திரும்ப வரவில்லை. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், நம் எல்லோருக்கும் பயன்படும்படி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

ஆகவே தரவுத்தளச் சேவை தானாக எடுக்கும் பேக்கப் ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் ஒரு முழுப் பிரதி வேறு நிறுவனத்தின் சேமிப்புக்கு, வேறு ஊருக்குப் போக வேண்டும். அந்தச் சேமிப்பின் கடவுச்சொல் முதல் கணக்கின் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை ஒரு காலியான தரவுத்தளத்தில் ஏற்றி, வரும் தை மாதத்துப் பதிவுகள் எத்தனை என்று எண்ணி, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதியை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. பெரிய பதிப்பு மாற்றங்களையும் அட்டவணை மாற்றங்களையும் ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கு ஆண்டுக்கு இரண்டு மாதம் ஓய்வைப் பஞ்சாங்கமே கொடுக்கிறது. மற்ற தளங்களை நடத்துபவர்களுக்கு அந்த வசதி இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு என்பதால், ஒவ்வோர் ஆடியிலும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கும்பகோணத்துத் தளத்தில் அது முதல் வாரமே தலைகாட்டும். "கொ" என்ற எழுத்தில் க-வோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தரவுத்தளத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் அடித்த "கொளஞ்சி"யை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். எழுதும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற, யூனிகோடின் சீர்ப்படுத்திய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் அது ஒரு வரி. அகர வரிசையும் கவனிக்க வேண்டியது: யூனிகோடு எண்களின் வரிசையில் ன-வுக்குப் பின் ப வருகிறது, ர-வை அடுத்து ற வருகிறது, நமக்குப் பழக்கமான வரிசை அதுவன்று. போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியு கொலேஷனை (எழுத்து வரிசை விதியை) பெயர் நெடுவரிசைக்குக் கொடுத்தால் மண்டபப் பட்டியல் சரியான வரிசையில் வரும். உங்கள் தம்பி மைஎஸ்கியூஎல்தான் வேண்டும் என்றால், எழுத்துவகை யூடிஎஃப்8எம்பி4 என்று இருப்பதை உறுதி செய்யச் சொல்லுங்கள். பழைய யூடிஎஃப்8 என்பது எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துகள் அதில் அடங்கிவிடும், ஆனால் வாழ்த்தோடு வரும் ஒரு இமோஜி 4 பைட் கேட்கும், அங்கே பதிவு உடையும்.

நேரத்தை எப்போதும் நேர மண்டலத்தோடு சேர்த்துச் சேமியுங்கள். சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால், நம் ஊரில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை சர்வருக்கு முந்தின நாள். அந்த நேரத்தில் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று திறக்கும் மேலாளருக்கு நேற்றைய பட்டியல் வந்துவிடும். அதிகாலை முகூர்த்தங்கள் நடக்கும் தொழிலில் அது சிறிய பிழை அன்று.

பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாகப் பதியுங்கள். யூபிஐ வழியாக முன்பணம் வரும்போது, பணம் வாங்கித் தரும் நிறுவனம் உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பு இரண்டு முறை வரலாம், தாமதமாகவும் வரலாம். பணப் பரிவர்த்தனை எண்ணுக்குத் தனித்துவ விதி போட்டால் ஒரே பணம் இரண்டு ரசீதாகாது. பிடிப்பு காலாவதியான பிறகு பணம் வந்து சேர்ந்து, அதற்குள் தேதி வேறொருவருக்குப் போயிருந்தால், அதைத் தானாகத் திருப்பி அனுப்புவதா, மேலாளரிடம் கேட்பதா என்பதை மண்டபக்காரர்களோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். இது நிரலர் தனியாக முடிவு செய்யக் கூடாத விஷயம். ஆதார் நகல்களை வாங்கிச் சேமிக்கச் சொன்னால் முடிந்தவரை மறுத்துவிடுங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கையில் வைத்திருக்கும் தரவுக்குப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. மண்டபம் பதிவு செய்யப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதுமானவை.

வேலையைத் தொடங்கும்போது முகப்புப் பக்கத்தின் அழகுக்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். பதிவு அட்டவணையை மட்டும் உருவாக்கி, எக்ஸ்க்ளூஷன் விதியைப் போட்டு, ஒரே மண்டபத்துக்கும் ஒரே முகூர்த்தத்துக்கும் ஒரே நேரத்தில் 50 கோரிக்கைகளை அனுப்பும் ஒரு சிறிய நிரலை எழுதுங்கள். ஒன்று வெற்றி பெற்று 49 மறுக்கப்பட வேண்டும். ஆயிரம் தடவை ஓட்டினாலும் எண்ணிக்கை மாறக் கூடாது. பிறகு அந்த விதியை நீக்கிவிட்டு, "காலியா என்று கேட்டு எழுதும்" முறையில் அதே நிரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி, பட்டியல் கொடுத்த அந்த ஆலோசகரிடமும் காட்டுங்கள். மறுக்கப்படும் அந்த 49 பேருக்குத் திரையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்: "இந்தத் தேதி இப்போதுதான் பதிவானது, அதே முகூர்த்தத்தில் அருகில் காலியாக உள்ள மண்டபங்கள் இவை" என்று ஒரு பட்டியலோடு.